அந்தக் கணக்கு யார் பெயரில்?

2020 ஜனவரியில் ஒரு ராத்திரி. மணி பத்தே முக்கால். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, மறுநாளைக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, மகள் தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக் கன்சோலைப் போட்டேன். திரையில் வரிசையாக என் கேம்களின் படங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு சின்னப் பூட்டு.

முதல் நாள் வரை அந்தப் பூட்டு இல்லை. பனி பெய்யும் ஒரு காட்டில் எல்லி என்கிற பதினான்கு வயதுப் பெண்ணைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுத்தான் முதல் நாள் தூங்கப் போயிருந்தேன்.

துபாயில் இருந்த கணவருக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது. "ஓ, அதுவா? இங்க ரூம்ல ஒரு செட் வாங்கிட்டேன். அதை மெயினா மாத்தணும்னு பழசை எடுத்துவிட்டேன். நீ அதுல விளையாடுவியா என்ன?"

பூட்டைக் காட்டிலும் அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கேம் விளையாடுகிற டீச்சர் என்பது எப்படியோ மாணவிகளுக்குத் தெரிந்துவிட்டது. "மேம், சந்தா கட்டினா மாசாமாசம் ஃப்ரீ கேம் தர்றாங்களே, அதுக்காகக் கட்டலாமா, வேஸ்ட்டா?" என்று வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். தம்பிக்காகக் கேட்பதாகச் சொல்வார்கள். தம்பிக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும். கட்டலாம், கட்ட வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு அந்த ஜனவரி ராத்திரிதான் காரணம்.

*

எங்கள் வீட்டுக்கு பிளேஸ்டேஷன் 4 வந்தது 2016 ஏப்ரலில். இருபது மாதச் சீட்டு ஒன்று போட்டிருந்தேன். அதை எடுத்த பணத்தில் எனக்கு ஒரு லேப்டாப் வாங்குவதாகத்தான் திட்டம். "லேப்டாப் காலேஜ்லயே குடுத்திருக்காங்களே. வீட்ல எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி ஒண்ணு வாங்கலாம்" என்றார் அவர். ‘எல்லாரும்’ என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன்.

பெட்டியைப் பிரித்து டிவியில் மாட்டியதும் அது முதலில் கேட்டது ஒரு மின்னஞ்சல் முகவரி. அவருடையதைக் கொடுத்தோம். கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில் இருக்கும்போது இதை மட்டும் யார் யோசிப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை. அதே கன்சோலில் எனக்கென்று தனியாக ஒரு பயனர் பெயர் போட்டுக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி செய்துகொண்ட மாதிரி.

அவர் விளையாடியது கால்பந்து. வெள்ளி, சனி ராத்திரிகளில் பழைய கல்லூரி நண்பர்களோடு ஆன்லைனில். அதற்குத்தான் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தேவைப்பட்டது. 2010-இல், பிளேஸ்டேஷன் 3 காலத்தில் அந்தச் சந்தா தொடங்கியபோது ஆன்லைனில் விளையாட அது கட்டாயம் இல்லை. 2013 கடைசியில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான் பெரும்பாலான ஆன்லைன் ஆட்டங்களுக்குச் சந்தா வேண்டும் என்றானது. சந்தா கட்டியவர்களுக்கு மாதாமாதம் சில கேம்கள் ‘இலவசம்’. அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை புதுப் பட்டியல் வரும். அந்த மாதத்துக்குள் ‘லைப்ரரியில் சேர்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் சந்தா ஓடுகிற வரை நம் பட்டியலில் இருக்கும். அழுத்தத் தவறினால் போனது போனதுதான். இந்த மாதச் சர்க்கரையை அடுத்த மாதம் போய் ரேஷன் கடையில் கேட்க முடியாது இல்லையா, அதே சட்டம். எங்கள் வீட்டில் ரேஷன் வாங்குபவள் நான். கார்டில் குடும்பத் தலைவர் அவர், வரிசையில் நிற்பவள் நான். இதுவும் அப்படியே என் வேலையானது. செவ்வாய் ராத்திரி அவருடைய பயனர் பெயருக்குள் போவேன், பொத்தானை அழுத்துவேன், வெளியே வந்து என் பெயரில் விளையாடுவேன். நான்கு வருடங்கள், ஒரு மாதம் விடாமல்.

அந்த இலவசம் எனக்கு என்ன கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டு விழுந்த கோபத்தில் அதை மறைத்தால் நியாயம் இல்லை.

2016 ஜூனில் வந்தது ‘கான் ஹோம்’. 1995-ஆம் வருடம், வெளிநாட்டுப் பயணம் முடிந்து ராத்திரியில் வீடு திரும்புகிறாள் மூத்த மகள். வீட்டில் யாரும் இல்லை. சுட வேண்டியது ஒன்றும் இல்லை, துரத்துபவர்களும் இல்லை. அலமாரிகளைத் திறக்கிறோம், துண்டுக் காகிதங்களைப் படிக்கிறோம். தங்கை எங்கே போனாள், யாரைக் காதலித்தாள், அப்பா அம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வீட்டுப் பொருள்களிலிருந்தே தெரிய வருகிறது. தங்கை காதலித்தது இன்னொரு பெண்ணை. இந்த மாதிரிக் கேம்களை ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று கிண்டல் செய்வார்கள். சும்மா நடப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று. ஒரு வீட்டின் பொருள்களைப் பார்த்தே அந்த வீட்டு மனிதர்களைப் படித்துவிடுகிற வேலையை ஆயுள் முழுக்கச் செய்கிறவர்களுக்கு அது சும்மா நடப்பது இல்லை.

அதே வருடம் செப்டம்பரில் ‘ஜர்னி’. அங்கி போர்த்திய ஓர் உருவம், பாலைவனம், தூரத்தில் ஒளி வீசும் மலை. வழியில் முன்பின் தெரியாத இன்னொருவர் நம்மோடு சேர்ந்துகொள்ளலாம். பேச முடியாது. மணியடித்தது போல ஓர் ஓசை மட்டும் எழுப்பலாம். பயணம் முடியும் வரை பெயர்கூடத் தெரியாது. நீ ஆணா பெண்ணா என்று கேட்கவே வழி இல்லாத இடம் அது. அதன் அருமை எனக்கு ஏன் புரிந்தது என்றால், அதற்கு முன்பு ஒருநாள் கணவரின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓர் ஆன்லைன் ஆட்டத்தில் ‘ஹலோ’ சொல்லியிருந்தேன். அடுத்த இரண்டு நிமிடங்களில் காதில் விழுந்ததை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

இது திருச்சியில் மட்டும் நடப்பது அல்ல. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ தொடர் எடுக்க, 2012-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார் அனிதா சர்க்கீசியன். கேட்டதற்கே அவர்மீது வசையும் மிரட்டலும் கொட்டின. 2014-இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் அதே வெறி கேம் உருவாக்கும் பெண்கள் பலர் மீது பாய்ந்தது. கடைக்குப் போய், "எனக்கு ஒரு கேம் குடுங்க" என்று கேட்கிற பெண்ணிடம், "பையனுக்கு என்ன வயசு மேடம்?" என்று கேட்கும் உலகத்தில், எனக்குப் பிடிக்கும் கேமை எனக்காக யார் தேடி வாங்கித் தந்திருப்பார்கள்? அப்படி ஒரு கேம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே. பணம் கொடுத்து வாங்கும் பொருளை வீட்டில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். யாரும் தேர்ந்தெடுக்காமல் வந்து சேர்ந்ததால்தான் அவை என் கைக்கு வந்தன.

2019 மே மாதம் கிடைத்தது ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’. இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்று, எஞ்சியிருக்கும் ஒரே பெண் சொல்லும் கதை. அதில் லூயிஸ் என்று ஒருவன். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. ஒரு கையால் மீனை எடுத்து, தலையை வெட்டி, அடுத்த பக்கம் தள்ள வேண்டும். நம் வலது கட்டைவிரல் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், நிறுத்த முடியாது. அதே நேரம் அவன் மனம் ஒரு கற்பனை ராஜ்ஜியத்தில் நடக்கத் தொடங்குகிறது. இடது கட்டைவிரல் அங்கே அவனை நடத்திப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பனை பெரிதாகித் திரை முழுவதையும் மூடிக்கொள்கிறது. கை மட்டும் கீழே மீன் வெட்டிக்கொண்டே இருக்கிறது.

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அழுதேன். பாத்திரம் கழுவிய ஈரம்கூட என் கையில் காயவில்லை. கைகள் ஒரு வேலையில், மனம் வேறொரு ஊரில் என்று இருபது வருடங்களாக நான் வாழ்வதை எந்த நாவலும் இப்படி என் இரண்டு கட்டைவிரல்களுக்குள் கொண்டுவந்து கொடுத்ததில்லை. லூயிஸ் அந்தக் கற்பனையிலிருந்து திரும்பி வருவதில்லை. அதையும் சேர்த்துத்தான் அழுதேன்.

அந்த வருடம் அக்டோபரில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வந்தது. இது பெரிய கேம், பதினைந்து மணி நேரமாவது ஆகும். என்னிடம் பதினைந்து மணி நேரம் ஏது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். இடையில் இருக்கும் 202 நிமிடங்களில் ‘ஜர்னி’யை ஒருமுறை முடித்துவிட்டு, மறுபடி தொடங்கிப் பாதிக்கு மேல் போய்விடலாம். இலவச கேம் என்கிறார்களே, அதற்கான விலை அங்கேதான் இருக்கிறது. அதை விளையாடும் நேரத்தை நமக்கு யாரும் இலவசமாகத் தருவதில்லை.

ஆகவே அரை மணி, முக்கால் மணி என்று மூன்று மாதமாக நகர்த்தினேன். கூட அத்தை. என் மாமியாருக்கு ராத்திரித் தூக்கம் சரியாக வராது. முதலில், "இந்த வயசுல என்னம்மா விளையாட்டு" என்றார். பிறகு ஹால் கட்டிலில் சாய்ந்தபடி பார்க்க ஆரம்பித்தார். குளிர்கால அத்தியாயம் வந்தது. அதுவரை எல்லியைப் பாதுகாத்து அழைத்து வந்த ஜோயல் காயம்பட்டுக் கிடக்க, எல்லி தனியாக வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறாள். டேவிட் என்று ஒருவன் எதிரே வருகிறான். சிரித்த முகம், மென்மையான பேச்சு. மானைக் கொடுத்தால் மருந்து தருகிறேன் என்கிறான். அத்தை எழுந்து உட்கார்ந்தார். "ஏம்மா, இவன் முழியே சரியில்ல. அந்தப் புள்ளய அங்கேருந்து கெளம்பச் சொல்லு."

அடுத்த நாள் ராத்திரிதான் பூட்டு விழுந்தது.

*

நடந்தது இதுதான். ஒரு கணக்குக்கு பிளேஸ்டேஷன் 4-இல் ஒரே ஒரு ‘முதன்மை’க் கன்சோல்தான் இருக்க முடியும். அந்தக் கன்சோலில் இருக்கும் மற்ற பயனர்கள், அதாவது நான், அந்தக் கணக்கின் கேம்களை விளையாடலாம். அவர் துபாயில் வாங்கிய புதிய கன்சோலை முதன்மையாக்கியதும் இங்கே எனக்கு இருந்த அனுமதி போய்விட்டது. என் சீட்டுப் பணத்தில் வாங்கிய கன்சோல் என் ஹாலில்தான் இருந்தது. நான் மாதாமாதம் சேர்த்த லைப்ரரி அவர் பெயரில் இருந்தது. எல்லி எங்கே நிற்கிறாள் என்ற பதிவு என் பெயரில் பத்திரமாக இருந்தது, திறக்கத்தான் முடியாது.

அவர் கெட்டவர் இல்லை. மறுநாளே, "என் பாஸ்வேர்டு போட்டு என் பேர்லயே விளையாடிக்கோ" என்றார். அப்படிச் செய்யலாம். ஆனால் அவர் பெயரில் நுழைந்தால் என் பதிவு அங்கே இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு பிளேஸ்டேஷன் 4-களில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அவர் அங்கே கால்பந்து ஆட உட்கார்ந்தால் நான் இங்கே எழுந்துவிட வேண்டும். "நீங்க எப்போ விளையாடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு விளையாடும் விளையாட்டு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

அவருடைய கேள்விக்கும் பதில் சொன்னேன். நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினேன். நான் முடித்த கேம்கள் பத்தொன்பது. "இவ்வளவா? எப்போ?" என்று கேட்டார். நீங்கள் தூங்கிய பிறகு என்று எழுதினேன். ஒரே வீட்டில், ஒரே டிவியில், நான்கு வருடங்கள். நான் ஒளித்து விளையாடவில்லை. அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் என் மின்னஞ்சலில், என் கார்டில், எனக்கென்று சந்தா எடுத்தேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. புதுக் கணக்கில் பழைய மாதங்கள் கிடைக்காது. ‘கான் ஹோம்’ இல்லை, ‘ஜர்னி’ இல்லை, லூயிஸ் இல்லை. நான்கு வருடம் வரிசையில் நின்று வாங்கிய ரேஷன், கார்டுக்காரர் வீட்டில்.

*

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ‘இலவசம்’ என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011-இல் அறிவித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி அடுத்த வருடம் என் அம்மாவுக்கும் வந்தது. அப்பா அதை ‘ஓசி கிரைண்டர்’ என்பார். அதில் அரைத்த மாவில் சுட்ட இட்லியை ‘ஓசி இட்லி’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த கிரைண்டர் இன்றும் ஓடுகிறது, ஒருமுறை பெல்ட் மாற்றியதோடு சரி. ஆட்சி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள், யாரும் வந்து அதன் மேல் பூட்டுப் போடவில்லை. 2021-இல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது அதையும் ‘ஓசி’ என்று சொல்லிக் காட்டியவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியபோது அதற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். உதவி என்று சொல்லவில்லை, உரிமை என்றார்கள். அதுவும் அவரவர் வங்கிக் கணக்கில். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பது பணம் கேட்டுக் கை நீட்டியவர்களுக்குத் தெரியும்.

சந்தாவோடு வரும் கேம் அம்மாவின் கிரைண்டர் போன்றது இல்லை. அது இரவல். சந்தாவை நிறுத்தினால் சேர்த்தது எல்லாம் பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும். எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2013 முதல் ‘கேம்ஸ் வித் கோல்ட்’ என்று இதே போலக் கொடுத்தார்கள். அதில் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் சந்தா நின்ற பிறகும் நம்மிடமே இருக்கும், எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களுக்குச் சந்தா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பிளேஸ்டேஷன் பக்கமும், 2026 ஜனவரி முதல் மாதாந்திர கேம்களில் பிளேஸ்டேஷன் 4-க்கு முக்கியத்துவம் இருக்காது என்று ஒரு வருடம் முன்பே அறிவித்தார்கள். என் பழைய பெட்டிக்கான பங்கு சுருங்குகிறது. கொடுப்பவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

இதில் நுட்பமான ஒரு கொக்கியும் உண்டு. எவ்வளவு அதிகம் சேர்க்கிறோமோ அவ்வளவு கடினம் வெளியே வருவது. ‘இவ்வளவு நாள் சேர்த்ததை விட்டுவிட்டா போவது’ என்று அடுத்த வருடமும் கட்டிவிடுவோம். இந்த வாக்கியத்தைக் கேம் பற்றிப் பேசும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறோமா என்ன?

சரி, கணக்குக்கு வருகிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, காசு கட்டியிருக்கிறோம். தாராளமாகப் பிடித்துப் பார்க்கலாம். 2022 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள். நம் நாட்டில் கீழ் அடுக்கான ‘எசென்ஷியல்’ மாதம் 499 ரூபாய், வருடத்துக்கு 2,999. ஆன்லைன் ஆட்டமும் மாதாந்திர கேம்களும் அதில் அடக்கம். அந்த ஒரு வருடத்தில் நான் லைப்ரரியில் சேர்த்தவை முப்பதுக்கு மேல். முடித்தவை ஆறு. ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நஷ்டம் இல்லை. மீதி? பீரோவில் ஒருநாளும் கட்டாமல் மடித்து வைத்திருக்கும் சேலைகள் மாதிரி. 2023 செப்டம்பரில் வருடச் சந்தாவின் விலை உயர்ந்தது. அந்த வருடம் நான் கட்டவில்லை. கல்லூரித் தேர்வு வேலைகளில் விளையாட நேரமே இல்லாத மாதங்கள் அவை. கட்டாததால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மறுபடி விடுமுறைக்கு ஒரு மாதம் மட்டும் கட்டினேன், சேர்த்து வைத்தவை திறந்தன. விளையாடினேன், நிறுத்தினேன்.

எனவே மாணவிகளுக்கு இப்போது நான் சொல்வது இது. ஆன்லைனில் விளையாடத்தான் போகிறாய் என்றால் சந்தா எப்படியும் வேண்டும், அதோடு வருவதை விடாதே. உனக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கே தெரியாவிட்டால் ஒரு வருடம் கட்டிப் பார். நீ தேடிப் போகவே மாட்டாத ஒரு கேம் வந்து உன்னை உலுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் இலவச கேமுக்காக மட்டும் கட்டுவதாக இருந்தால், கடந்த ஆறு மாதப் பட்டியலை எடுத்து, இவற்றில் எதை விளையாடியிருப்பாய், அதற்கு எந்த நேரத்தை ஒதுக்கியிருப்பாய் என்று உண்மையாக எழுதிப் பார். இரண்டுகூடத் தேறாவிட்டால் அந்தக் காசுக்கு உனக்குப் பிடித்த ஒன்றை டிஸ்க்காக வாங்கு. படித்து முடித்த புத்தகம் மாதிரி இன்னொருத்திக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.

எப்படிக் கட்டினாலும் உன் மின்னஞ்சலில், உன் பெயரில் கட்டு. அண்ணன் கணக்கில் ஓரமாக ஓர் இடம், காதலன் கணக்கில் ஓரமாக ஓர் இடம் என்று தொடங்காதே. சண்டை வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சண்டையே வரவில்லை. ஒருவர் வேறு ஊரில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார், அவ்வளவுதான். என் மகளுக்கு இப்போது பதினைந்து வயதாகிறது. அவளுக்குக் கணக்குத் தொடங்கியபோது அவள் பெயரில் தொடங்கி, மேற்பார்வை செய்யும் பெற்றோராக என்னைப் போட்டேன். வீட்டு கேஸ் இணைப்பும் இப்போது என் பெயரில்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்கிறார்.

*

எல்லி என்ன ஆனாள் என்று சொல்லாமல் முடித்தால் அத்தை கோபித்துக்கொள்வார்.

பூட்டு விழுந்த பிறகு அத்தை விடவே இல்லை. காய் நறுக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது, திடீரென்று கேட்பார். "ஏம்மா, அந்தப் புள்ள பனியில நின்னுச்சே, அப்பறம் என்ன ஆச்சு?" மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைகள் மூடின. ஆன்லைன் வகுப்புகள், மகளின் வகுப்புகள், துபாயில் மாட்டிக்கொண்ட கணவர். செப்டம்பரில்தான் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பழைய டிஸ்க் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். "பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். "எனக்கும் என் மாமியாருக்கும்" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டிஸ்க் இதுவரை மூன்று மாணவிகள் கைமாறியிருக்கிறது. இப்போது நான்காவது ஆளிடம் இருக்கிறது. முன்பக்க அட்டை கிழிந்துவிட்டதாகச் சொன்னாள். பரவாயில்லை.

அன்றைக்கு ராத்திரி டிஸ்க்கைப் போட்டு, அது தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும்வரை இருவரும் காத்திருந்தோம். கொண்டைக்கடலை ஊறப்போடவில்லை, காலையில் உப்புமா என்று முடிவு செய்துவிட்டோம். என் பழைய பதிவு திறந்தது. எட்டு மாதம் கழித்தும் அதே பனி, அதே டேவிட், அதே சிரித்த முகம். அத்தை கட்டிலை விட்டு இறங்கி என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். நெருப்புக்கு எதிரே உட்கார்ந்து அவன் பேசப் பேச, அவன் யார், எதற்காக அந்தப் பிள்ளையிடம் இவ்வளவு அன்பாக இருக்கிறான் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அத்தை என் முழங்கையைத் தட்டினார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"